கடல் கடந்து வந்த அத்தோ

(பத்தாம் வகுப்பு மாணவி)

வீட்டுக்கு வீடு வாசற்படி உண்டு என்பது பழமொழி. அதுபோல வீட்டுக்கு வீடு அடுப்பும் உண்டு. அடுப்புக்கு அடுப்பு மணமும் வேறு. இந்தச் சிறிய உண்மையைப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று சொல்லச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. எப்படிக் கற்றோம் என்பதையும், அதன் வழியாக 'அத்தோ' என்னும் உணவைப் பற்றி அறிந்தவற்றையும் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

இவ்வாண்டு ஜூலை மாதம் எங்கள் வகுப்பில் புதிய மாணவி ஒருத்தி சேர்ந்தாள். அவளுடைய தந்தைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால், குடும்பம் எண்ணூரிலிருந்து இங்கே குடிவந்தது. இரண்டாம் நாள் மதியம் வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தோம். எங்கள் டப்பாக்களில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் இருந்தன. அவளுடைய டப்பாவில் ஆரஞ்சு நிறத்தில், தடித்த நூல்நூலாக ஏதோ இருந்தது. அதன்மேல் பச்சை முட்டைக்கோஸ் துருவல் கிடந்தது. பூண்டு மணம் வட்டம் முழுவதும் பரவியது.

"ஐயே, மண்புழு மாதிரி இருக்கே!" என்றாள் எங்களில் ஒருத்தி. சொன்னவள் யார் என்று இங்கே எழுதவில்லை. ஏனென்றால் சொன்னது ஒருத்தியானாலும் சிரித்தது எல்லோரும்தான். அவள் ஒன்றும் பேசாமல் டப்பாவை மூடினாள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோனாள். மறுநாள் முதல் அவள் டப்பாவில் தயிர்ச் சோறு மட்டுமே இருந்தது.

இச்செய்தி எப்படியோ எங்கள் வரலாற்று ஆசிரியையான அருட்சகோதரியின் காதுக்கு எட்டியது. அவர் எங்களைத் திட்டவில்லை. "நீங்கள் பார்த்துச் சிரித்த உணவு எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்படியானால் தெரிந்துகொண்டு வந்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்றார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த தண்டனை.

தெரிந்துகொள்வதற்கு அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அதுவே எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் நான்கு பேராகப் போய்க் கேட்டோம். "எனக்கு முழுசாத் தெரியாது. எங்க ஆயாவைக் கேக்கணும்" என்றாள். ஆயாவின் பதில் மறுநாள் வந்தது: "சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லு. முதல்ல சாப்பிடட்டும். கதை அப்புறம்."

தேநீர்க் கடையின் ஓரத்தில்

சிப்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. மாலையானதும் அதன் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். தேநீர்க் கடைக்காரரின் பெஞ்சுகளிலேயே வண்டிக்கு வருபவர்களும் உட்கார்ந்துகொள்வார்கள். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்கள் ஒரு தட்டு அத்தோவும் ஒரு தேநீருமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தமிழர்கள் மட்டுமல்லர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்கூட வரிசையில் நின்றிருந்தார்கள்.

அருட்சகோதரியும் எங்களுடன் வந்திருந்தார். தோழியின் ஆயா எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சேலை. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்கதானா? வாங்க கண்ணு, உக்காருங்க" என்றார். 'இவங்கதானா' என்ற அந்த ஒரு சொல்லில் நாங்கள் தலைகுனிந்தோம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

வண்டிக்கார அண்ணன் வேலை செய்வதைக் கூர்ந்து கவனித்தோம். ஒரு பெரிய எவர்சில்வர் பேசினில் வேகவைத்து ஆறவைத்த கோதுமை நூடுல்ஸ் இருந்தது. சுற்றிலும் சிறு கிண்ணங்கள். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு பொரித்த எண்ணெய், வறுத்த கடலை மாவு, கொரகொரப்பான மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், உப்பு, கொத்துமல்லி, எலுமிச்சம்பழம் என ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தது. அண்ணன் கைகளைக் கழுவி, உறை மாட்டிக்கொண்டு, ஒரு தட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போட்டு ஐந்து விரல்களாலும் பிசைந்தார். அழுத்திப் பிசையவில்லை, அள்ளி அள்ளி உதிர்த்துவிட்டார். கடைசியாகப் 'பேஜோ' என்னும் மொறுமொறுப்பான வடையை நொறுக்கித் தூவினார். அடுப்பில் வைத்துக் கிளறவே இல்லை. நாங்கள் அதுவரை கண்ட நூடுல்ஸ் எல்லாம் வாணலியில் கிளறியதுதான் என்பதால் இது வியப்பாக இருந்தது.

"கையால கலக்கிறதாலதான் அதுக்கு அந்தப் பேரே" என்றார் ஆயா. பர்மிய மொழியில் 'தோ' என்ற ஓசையுள்ள சொல்லுக்குக் கையால் கலத்தல் என்று பொருள். அப்படிக் கலந்து செய்யும் உணவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் 'அத்தோ'. அந்நாட்டில் தேயிலைக் கொழுந்து, இஞ்சி, தக்காளி என்று பலவற்றிலும் அத்தோ செய்கிறார்கள். நூடுல்ஸுக்கு அங்கே 'கௌஸ்வே' என்று பெயர். ஆகவே நாம் அத்தோ என்று சொல்வது அங்கே கௌஸ்வே அத்தோ, அதாவது பல அத்தோக்களில் ஒன்று. இங்கே வந்த பிறகு பொதுப்பெயரே இந்த ஒன்றுக்குச் சிறப்புப்பெயராகிவிட்டது.

முதல் வாய் சாப்பிட்டோம். நூடுல்ஸ் வழுவழுப்பாகவும், கோஸ் நறுக்கென்றும், பேஜோ மொறுமொறுவென்றும் இருந்தன. முதலில் புளிப்பு; பிறகு பூண்டு; கடைசியில் காரம். எங்களில் ஒருத்திக்குப் பிடிக்கவில்லை. பச்சை வெங்காயம் அவளுக்கு ஆகாது. அதை மறைக்காமல் ஆயாவிடம் சொன்னாள். "பிடிக்கலன்னா தப்பில்ல கண்ணு" என்றார் ஆயா. மற்ற மூவரும் தட்டைக் காலி செய்தோம். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் தந்தார்கள். அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த் தூள், புளித் தண்ணீர் ஆகியவற்றை நிரப்பித் தரும் ஒரு பண்டமும் இருந்தது. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கள் அருட்சகோதரி அதில் வென்றார் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

பர்மாவும் தமிழரும்

சாப்பிட்டு முடித்ததும் ஆயா கதையைத் தொடங்கினார். அவர் சொன்னவற்றோடு, பிறகு நாங்கள் நூலகத்திலும் ஆசிரியையிடமும் அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

இன்று மியான்மர் என்று வழங்கும் நாட்டுக்கு 1989ஆம் ஆண்டு வரை பர்மா என்பதே பெயர். ஆங்கிலேயர் 1852இல் பர்மாவின் தென்பகுதியைக் கைப்பற்றினார்கள். 1886இல் நாடு முழுவதையும் இந்தியப் பேரரசோடு இணைத்தார்கள். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்கள் பெருகின. அறுவடைக்கும், ஆலைக்கும், துறைமுகத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் இரங்கூனுக்குப் போனார்கள். கூலிகளாகப் போனவர்கள் பலர். கடை வைத்தவர்கள் சிலர். நகரத்தார் அங்கே வட்டிக்கடைகள் நடத்தினார்கள். விலைவீழ்ச்சி வந்த 1930களில் கடனைத் திருப்பித் தர முடியாமல் பர்மிய உழவர்கள் தம் நிலங்களை இழந்தார்கள். வெளியார் மீது அவர்களுக்கு மனக்கசப்பு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எங்கள் ஆசிரியை கூறினார்.

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942இல் பல லட்சம் இந்தியர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே இந்தியாவை நோக்கி வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர். போர் முடிந்ததும் சிலர் மீண்டும் பர்மாவுக்கே திரும்பினார்கள். ஆயாவின் தந்தையும் அப்படித் திரும்பியவரே.

பர்மா 1948 ஜனவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 மே 17ஆம் நாள் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

"எங்கப்பா பெட்டியில இருந்ததெல்லாம் நூறு ரூபா நோட்டுதான்" என்றார் ஆயா. அவர் கியாட்டையும் ரூபாய் என்றே சொல்கிறார். "ஒரே ராத்திரியில அது வெறுங்காயிதம். கடைக்குப் பூட்டுப் போட்டு, சாவியையும் வாங்கிக்கிட்டாங்க. அந்தக் காயிதத்தை வெச்சு நானும் தம்பியும் கப்பல் செஞ்சு விளையாடினோம். எங்கம்மா பாத்துட்டு அடிக்கல; அழுதாங்க."

1965இல் ஆயாவுக்குப் பத்து வயது. குடும்பத்தோடு இரங்கூனில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். பணமும் நகையும் எடுத்துவர அனுமதிக்கப்பட்டது மிகக் குறைவு. அவருடைய தாயார் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருந்ததாம். 1963 முதல் இவ்வாறு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம் ஆகும். அரசு ஏட்டில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஆனால் இவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. வந்த இடத்தில் மனம் ஒட்டாமல், பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு எல்லை வரை போனவர்களும் உண்டு. அவர்களை அந்நாடு உள்ளே விடவில்லை. அவர்கள் மணிப்பூரில் உள்ள மோரே என்னும் எல்லைப்புற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர்கள் வாழ்கிறார்கள்.

சென்னையில் வியாசர்பாடி முதலிய இடங்களில் இவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. நம் வடக்கு ரயில் பாதையில் உள்ள எண்ணூரில் 'பர்மா நகர்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் இராஜாஜி சாலையோரத்தில் அவர்கள் வைத்த கடைகளின் வரிசைதான் 'பர்மா பஜார்'. அதன் பின்புறமுள்ள இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் அத்தோ வண்டிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. செவ்வாய்க்கிழமைகளில் அரண்மனைக்காரத் தெரு அந்தோனியார் கோயிலுக்குப் போகும் நம் பெற்றோர் பலர் அவ்வழியே நடந்திருப்பார்கள். நாங்களும் நடந்திருக்கிறோம். அந்த வண்டிகளின் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஊர் மாறியது, உணவும் மாறியது

பர்மாவில் செய்யும் அத்தோவும் இங்கே செய்யும் அத்தோவும் ஒன்றல்ல. அங்கே மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாற்றையும், காய்ந்த இறாலை இடித்த பொடியையும் சேர்ப்பார்கள். இங்கே வந்தவர்கள் தெருவில் வண்டி போட்டபோது சைவம் உண்பவர்களும் வாங்க வேண்டுமே என்று அவற்றை விட்டுவிட்டார்கள். உப்பும் புளியும் கூடின, காரமும் கூடியது. 'மொய்ங்கா' என்ற உணவும் அப்படித்தான். அந்நாட்டில் அது மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸை இட்டு உண்பது. குழம்பில் வாழைத்தண்டும் இருக்கும். இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது. வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது. நாங்கள் குடித்த சூப்பு அதன் உறவுதான்.

பர்மாவுக்கும் நூடுல்ஸ் வெளியிலிருந்து வந்ததே. அது சீனரிடமிருந்து கற்றது. சீனத்தின் லாஜியா என்னும் இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தின் அடியில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்திய, தினை வகை மாவில் செய்த நூடுல்ஸ் கண்டெடுக்கப்பட்டதாக 2005ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். வறுத்த கடலை மாவு இந்தியச் சமையலுக்குப் பழக்கமானது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் கீழை நாடுகளுக்கு வந்தது. ஆக, ஒரு தட்டு அத்தோவில் எத்தனை நாடுகள்! நம் இடியாப்பத்தைப் பாருங்கள். அதுவும் நூல்நூலாகத்தானே இருக்கிறது? அதைப் பார்த்து நாம் என்றாவது மண்புழு என்று சொன்னதுண்டா?

சுவையின் காரணம்

எங்கள் மனையியல் ஆசிரியையிடம் கேட்டு அறிந்தவை இவை. கோதுமை மாவில் உள்ள ஒரு புரதம் தண்ணீர் பட்டதும் ரப்பர் போல இழுபடும் தன்மை பெறுகிறது. அதனால்தான் நூடுல்ஸ் அறுந்துபோவதில்லை. வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசினால் மேலே படிந்த மாவுப்பசை போய்விடும். உடனே எண்ணெய் தடவினால் ஒன்றோடொன்று ஒட்டாது. புளித் தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது தட்டின் அடியில் தேங்கிவிடும். வறுத்த கடலை மாவு அத்தண்ணீரை உறிஞ்சி, நூடுல்ஸின் மேல் பூச்சாகப் படிகிறது. எனவே ஒவ்வொரு வாயிலும் புளிப்பும் உப்பும் சமமாகக் கிடைக்கின்றன. பூண்டைப் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். சிறிது கருகினாலும் எண்ணெய் முழுவதும் கசக்கும்.

முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சையாகச் சேர்வதால் அவற்றை நல்ல நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கையால் கலப்பது அசுத்தம் என்று நாங்கள் முதலில் எண்ணினோம். ஆனால் நம் வீட்டிலும் அம்மா கையால்தானே சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள்? கழுவாத கைதான் அசுத்தம், கை அசுத்தமல்ல.

வீட்டில் செய்ய

ஆயா சொல்லித் தந்த செய்முறை பெற்றோர்களுக்காக. நான்கு பேருக்குப் போதுமானது.

தேவையானவை: தடித்த கோதுமை நூடுல்ஸ் கால் கிலோ, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கோப்பை, பெரிய வெங்காயம் 3, பூண்டு 15 பல், எண்ணெய் 5 மேசைக்கரண்டி, கடலை மாவு 3 மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி, மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு, கொத்துமல்லி, எலுமிச்சம்பழம் 1, தட்டை 4.

செய்முறை: நூடுல்ஸை உப்பு நீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் தடவி ஆறவிடவும். புளியைச் சிறிதளவு வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டவும். கடலை மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுக்கவும். இரண்டு வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, மீதி எண்ணெயில் சிவக்கப் பொரித்து எடுக்கவும். அதே எண்ணெயில் நறுக்கிய பூண்டைப் பொரிக்கவும். மீதி வெங்காயத்தைப் பச்சையாகவே சீவிக்கொள்ளவும். பரிமாறும் நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, சுத்தமான கையால் உதிர்த்துக் கலக்கவும். பேஜோவுக்குப் பதிலாகத் தட்டையை நொறுக்கித் தூவலாம். முன்னதாகவே கலந்து வைத்தால் ஊறி நமத்துப்போகும்.

முடிவாக

நாங்கள் வாழும் திருவள்ளூர் மாவட்டமும் கும்மிடிப்பூண்டியும் வந்தாரை ஏற்ற மண். 1990 முதல் இங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள். வருபவர்கள் எல்லாவற்றையும் கொண்டுவர முடிவதில்லை. வீடு வராது, கடை வராது, நோட்டு வந்தாலும் செல்லாது. கைப்பக்குவம் ஒன்றைத்தான் எந்தச் சுங்கச் சாவடியிலும் பறிக்க முடியாது. ஆயாவின் தாயார் இரங்கூனிலிருந்து கொண்டுவந்த சொத்து அதுதான். அதைத்தான் நாங்கள் மண்புழு என்றோம்.

விடைபெறும்போது நாங்கள் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "என்கிட்ட எதுக்கு? அவகிட்ட கேளுங்க" என்றார். தோழியிடம் கேட்டோம். "சரி" என்றாள். ஆனால் திங்கட்கிழமையும் அவள் டப்பாவில் தயிர்ச் சோறுதான் இருந்தது. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அதுவே. ஒரு நொடியில் சிரித்துவிடலாம். அதைத் துடைக்க நாட்கள் ஆகும் என்பதை அப்போது உணர்ந்தோம். ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், ஒன்றும் வற்புறுத்தவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்த நாள் அவள் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்தாள். திறக்கும் முன்பே பூண்டு மணம் வந்துவிட்டது. "ஆயா எல்லாருக்கும் குடுத்தாங்க" என்றாள். பிறகு எங்களில் ஒருத்தியைப் பார்த்து, "உனக்குப் பச்சை வெங்காயம் போடாம தனியா" என்று சிறு டப்பா ஒன்றை நீட்டினாள்.

தோழியரே! உங்கள் வகுப்பிலும் யாரேனும் புதியதோர் உணவைக் கொண்டுவந்தால் முதலில் அதன் பெயரைக் கேளுங்கள். சிரிப்பதற்கு முன் கேட்டால், சிரிக்கத் தோன்றாது.